எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைகள்: கல்வராயன் மலையில் இரண்டாம் மொழி வாசிப்பு

அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் ஒரு பிள்ளையிடம் ஆங்கிலப் பாடநூலை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அச்சடித்த ஆங்கில வரிக்கு மேலே பென்சிலால் பொடி எழுத்தில் இன்னொரு வரி ஓடும். ‘திஸ் இஸ் மை பேக்.’ அக்கா எழுதிக் கொடுத்திருப்பாள். இல்லாவிட்டால் வகுப்பில் சொல்லச் சொல்லப் பிள்ளையே எழுதிக்கொண்டிருக்கும். மறுநாள் எழுந்து நின்று கணீரென்று வாசிக்கும். கேட்பவர்களுக்கு நிறைவாக இருக்கும். பிள்ளையின் கண் மட்டும் பென்சில் வரியை விட்டுக் கீழே இறங்கியிருக்காது.

அந்தப் ‘பேக்’கைச் சற்று நின்று பார்க்கலாம். பை, முதுகு, மூட்டை கட்டு என்ற மூன்று பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழெழுத்தில் அது ஒன்றே. ஆங்கிலத்தில் அவை எழுத்தாலும் வேறு, ஒலியாலும் வேறு. தமிழில் எழுதும்போது முதலெழுத்தின் பெயரைக்கூடப் பிரித்துக்காட்ட வழியில்லை; ஆங்கிலத்தில் வேறுபடும் அந்த இரண்டு முதலெழுத்துகளுமே தமிழில் ‘பி’தான். பென்சில் வரி குரலைக் காப்பாற்றியது, பொருளைக் கைவிட்டது. கள்ளக்குறிச்சியில் மட்டுமல்ல, சென்னையிலும் இதே கதைதான். ஆனால் கல்வராயன் மலையில் இந்தப் பென்சில் வரிக்குக் கீழே இன்னொரு சிக்கல் புதைந்து கிடக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

வாசிப்பு என்பது ஒரு வேலையல்ல, இரண்டு. 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னதில் முக்கியமான செய்தி. ஒன்று சுழியானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழிதான். நம் பேச்சில் இந்த வேறுபாட்டுக்கு முன்பே சொல் உண்டு. எழுத்துக்கூட்டுவது வேறு, வாசிப்பது வேறு. ‘படிக்கிறான்’ என்ற சொல்தான் இரண்டையும், போதாக்குறைக்குப் பள்ளிக்கூடம் போய்வருவதையும் சேர்த்துக் குழப்பிவிட்டது. பையன் படிக்கிறானா என்று கேட்டால், ஆமாம் படிக்கிறான் என்பார்கள். எதை என்று யாரும் கேட்பதில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலை ஒன்றியத்துக்கு அதுதான் தலைமையிடம். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-இல். மலை ஒரே மாவட்டத்துக்குள் அடங்கவில்லை. கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டத்தில் கிடக்கிறது. இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதே பொருள். தங்களைக் காராளர் என்றும் மலைக்கவுண்டர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்ற கதை அவர்களிடையே வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் அது பதிவாகியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள்தொகை 7,94,697. அதில் சுமார் மூன்றரை லட்சம் பேர் மலையாளிகள். மாநிலத்தின் பழங்குடிகளில் இவர்களே எண்ணிக்கையில் முதலிடம்.

அதே கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு. பழங்குடிகளிடையே 54.3.

இந்த இடைவெளிக்கு வரலாறு உண்டு. கல்வராயன் மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசு அதை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்தது. இன்று ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தாத்தா அப்போது பள்ளி வயதிலோ அதைத் தாண்டியோ இருந்திருப்பார். வீட்டில் அச்செழுத்துப் புழங்கத் தொடங்கியே ஒரு தலைமுறைதான் ஆன குடும்பங்கள் இங்கே ஏராளம். இன்று பழங்குடியினர் நலத் துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் இருக்கின்றன, வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. பள்ளியே இல்லை என்று சொல்லும் காலம் போய்விட்டது. பள்ளிக்குள் உட்கார்ந்த பிள்ளைக்கு வாசிப்பு வருகிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

மலையாளிகள் பேசுவது தமிழ். அதனால்தான் சிக்கல் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆந்திரத்தில் 2004-இல் கோயா, சவரா, கோண்டி உள்ளிட்ட எட்டு மொழிகளிலும், ஒடிசாவில் 2007-இல் பத்துப் பழங்குடி மொழிகளிலும் தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியைத் தொடங்கினார்கள். அங்கே ஆசிரியர் தெலுங்கிலோ ஒடியாவிலோ பேசினால் பிள்ளை விழிக்கும். விழிப்பதைப் பார்த்தாலே மொழி வேறு என்பது தெரிந்துவிடும். கல்வராயன் மலையில் பிள்ளை விழிப்பதில்லை. தலையாட்டும், பதில்கூடச் சொல்லும். எனவே இங்கே முதல் மொழி தமிழ், இரண்டாம் மொழி ஆங்கிலம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மேலே போய்விடுகிறோம். என் கணிப்பு வேறு. மலைப் பிள்ளைக்கு முதலில் வந்து சேரும் இரண்டாம் மொழி பாடநூல் தமிழ். ஆங்கிலம் மூன்றாவதாக வருகிறது.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரலாம். மலைத் தமிழைத் தமிழில்லை என்கிறானா என்று. இல்லை. தொலைவைத்தான் சொல்கிறேன். முதல் வகுப்புத் தரத்தில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘குரங்கு மரத்தின் மீது ஏறியது.’ நான்கே சொற்கள், படமும் போடலாம். இதையே வட மாவட்டங்களின் வீட்டுப் பேச்சில் சொன்னால் ‘கொரங்கு மரத்து மேல ஏறிச்சு’. நான்கில் ஒன்றுகூட அப்படியே இல்லை. முதல் சொல்லில் ஓர் உயிர் மாறியிருக்கிறது. இரண்டாவதில் ‘இன்’ காணாமல் போய்விட்டது. ‘மீது’ என்ற சொல்லே பேச்சில் கிடையாது. ‘ஏறியது’ என்று எந்த அம்மாவும் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை.

காதால் கேட்டால் பிள்ளை இதை ஊகித்துவிடும். கண்ணால் எழுத்துக்கூட்டும்போதுதான் தடுக்குகிறது. புதிதாக வாசிக்கும் பிள்ளைக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு படி. ‘ஏ’, ‘றி’, ‘ய’ என்று ஏறி ‘து’வுக்கு வருவதற்குள் ‘ஏ’ நினைவிலிருந்து நழுவத் தொடங்கிவிடும். தன் பேச்சில் இருக்கும் சொல்லாக இருந்தால், இரண்டாம் எழுத்திலேயே மனம் முந்திக்கொண்டு முடிவைப் பிடித்துவிடும். மீதி எழுத்துகள் சரிபார்க்க மட்டும். ‘ஏறிச்சு’ என்றிருந்தால் ‘ஏறி’யிலேயே சொல் கையில் கிடைத்திருக்கும். ‘ஏறியது’ என்னும்போது கடைசி எழுத்துவரை நடந்துபோய்த்தான் ஆக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

சமவெளிப் பிள்ளைக்கும் இதே தொலைவு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அதற்குப் பாலங்கள் நிறைய. தொலைக்காட்சிச் செய்தி, மேடைப் பேச்சு, சுவரொட்டி, பேருந்துப் பலகை, டீக்கடையில் யாரோ உரக்க வாசிக்கும் தினத்தந்தி. பள்ளிக்கு வரும் முன்பே நூல் தமிழின் ஓசை காதில் விழுந்து பழகியிருக்கும். மலையின் உள்ளொடுங்கிய சிற்றூர்களில் இவை குறைவு. அதோடு பயிருக்கும் களத்துக்கும் கருவிக்கும் உறவுக்கும் மலைக்கென்று தனி வழக்குகள் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்தோ சின்னசேலத்திலிருந்தோ மாற்றலாகி வரும் ஆசிரியரே முதல் சில மாதங்கள் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

ஒரே மொழிக்குள் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்று இரண்டு அடுக்கு இருக்கும் நிலையை 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் விவரித்தார். அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், எய்ட்டித் தீவின் பேச்சு ஆகிய நான்கும் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகள். தமிழும் இந்த வகைதான். இந்த இரண்டடுக்கு வாசிப்பை என்ன செய்கிறது என்பதை அரபியில் நுணுக்கமாகப் பார்த்தவர் எலினோர் சயிக்-ஹத்தாத். 2003-இல் வெளியான அவருடைய ஆய்வில், பாலத்தீன அரபு பேசும் சிறு பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சில் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவது எளிதாகவும், எழுத்து அரபியில் மட்டும் இருக்கும் ஒலிகள் கடினமாகவும் இருந்தன. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் அரபியையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். மொழியின் பெயர் ஒன்றாக இருப்பதால் தொலைவு குறைந்துவிடுவதில்லை.

சரி, மலைப் பேச்சிலேயே பாடநூல் அச்சிட்டுவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையாளிப் பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஒப்புக்கொள்ளவும் கூடாது. பொதுத் தமிழ் கைக்கு வரட்டும் என்றுதானே பிள்ளையை அனுப்புகிறார்கள். செய்யக்கூடியது வேறொன்று. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், அச்சடித்த பாடநூலைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டும் என்று கேட்ட சொல்லை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் பயமும் ஆசையும் அடங்கிய சொற்கள் அவை. அவற்றை ஒரு தரம் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பதிந்தன. 1963-இல் வெளிவந்த அவருடைய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

கல்வராயன் மலையில் இது எப்படி இருக்கும்? காட்டில் கடுக்காய் பொறுக்கப் போன கதையை ஒரு பிள்ளை சொல்கிறது. ஆசிரியர் அதன் வாயில் வந்தபடியே பலகையில் நாலு வரி எழுதுகிறார். வகுப்பு முழுதும் அதை வாசிக்கிறது. தங்கள் பேச்சு எழுத்தாகிப் பலகையில் நிற்பதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு ஒரு திறப்பு. பிறகு ஆசிரியர் பக்கத்தில் அதே நாலு வரியை நூல் தமிழில் எழுதுகிறார். ‘ஏறிச்சு’ இருந்த இடத்தில் ‘ஏறியது’. எது எதுவாக மாறியது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள். ஒரு மாதத்தில் ‘ச்சு’ வரும் இடத்தில் ‘யது’ வரும் என்பது விளையாட்டாகவே பிடிபட்டுவிடும். இதற்குத் தனி நிதியோ தனிப் பாடநூலோ தேவையில்லை. தேவைப்படுவது, ‘தப்புத் தமிழைப் பலகையில் எழுதலாமா?’ என்ற தயக்கத்தை ஆசிரியர் விடுவது. அது தப்பு இல்லை. ‘ஏறிச்சு’வுக்கும் இலக்கணம் உண்டு, அது பாடநூலில் இல்லை, அவ்வளவுதான்.

எழுத்தைப் பொறுத்தவரை தமிழ் நேர்மையான மொழி. 247 என்றால் மலைப்பாகத் தெரியும். உண்மையில் கற்க வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஆய்தம், பிறகு துணைக்கால், கொம்பு, சுழி என்று சில குறிகள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது ‘ணா’, ‘லை’ போன்றவற்றின் பழைய தனி வடிவங்கள் போய் அந்தச் சுமையும் குறைந்தது. ஆனாலும் ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, நடுவில் ‘க’. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை முதலில் சந்திப்பது கடைசியில் ஒலிக்க வேண்டிய பகுதியை. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய எழுத்துமுறைகளில் எழுத்தறிவு முதல் வகுப்போடு முடிவதில்லை, நான்காம் வகுப்புவரை நீள்கிறது என்று 2007-இல் காட்டினார். தமிழில் கூட்டெழுத்து அடுக்குகள் இல்லாததால் சற்று விரைவாக முடியலாம். ஓராண்டில் முடியும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். ஒரே அறையில் பல வகுப்புகள் உட்காரும் சிறு பள்ளிகளுக்கு இது இயல்பாகவே பொருந்தும். எனக்கு உள்ள குறை ஒன்றுதான். அரும்பும் மொட்டும் மலரும் எழுத்தின் படிகள். வீட்டுப் பேச்சுக்கும் நூல் தமிழுக்கும் நடுவே பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை அளக்க இன்னொரு கோல் வேண்டும். கஃபும் டன்மரும் எழுதிய பெருக்கலில் இரண்டாவது எண்ணை நாம் அளப்பதே இல்லை.

இனி ஆங்கிலம்.

ஆங்கில எழுத்து 26, ஒலிகள் சுமார் 44. இந்தக் கணக்கிலேயே வம்பு தொடங்கிவிடுகிறது. 2003-இல் ஃபிலிப் சீமோரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் ஐரோப்பாவின் 13 எழுத்துமுறைகளில் முதலாண்டுப் பிள்ளைகளின் வாசிப்பை ஒப்பிட்டார்கள். ஃபின்னிஷ், கிரேக்கம், இத்தாலியம் போன்றவற்றில் ஆண்டு முடிவில் பிள்ளைகள் பத்துச் சொல்லில் ஒன்பதுக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் மூன்றில் ஒன்றுதான். அவர்கள் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள். பேசுவதும் ஆங்கிலம், வாசிப்பதும் ஆங்கிலம். வீட்டு மொழிக்காரப் பிள்ளைக்கே இரண்டாண்டு கூடுதலாகப் பிடிக்கும் ஒன்றை, வெள்ளிமலையில் ஒரு பிள்ளை தமிழ் எழுத்தோடு சேர்த்து முதல் வகுப்பிலேயே முடிக்க வேண்டும் என்கிறோம்.

1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை. தமிழும் ஆங்கிலமும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபோது ஒரு சிறு குழப்பம் சேர்ந்துகொண்டது. ஆங்கிலம் கற்பதும் ஆங்கிலத்தில் கற்பதும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. மலையிறங்கிப் போகும் இடங்களிலெல்லாம் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் மதிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் தமிழிலேயே எழுத்துக்கூட்டி முடியாத பிள்ளைக்குச் சூழ்நிலையியலை ஆங்கிலத்தில் கொடுத்தால், அதற்கு இருக்கும் ஒரே தற்காப்பு அந்தப் பென்சில் வரி.

இரண்டாம் மொழியில் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசிப்புதான் வரவில்லையா, மொழி வரவில்லையா? சார்லஸ் ஆல்டர்சன் 1984-இல் எழுப்பிய இந்தக் கேள்வி இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. அவர் சென்று சேர்ந்த இடம்: தொடக்க நிலையில் பெரும்பாலும் மொழிச் சிக்கல்தான், மொழி ஓரளவு கைவந்த பிறகே முதல் மொழியின் வாசிப்புத் திறன் உதவிக்கு வரும். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் சொன்னது இதற்கு இணையானது. ஒரு மொழியில் ஆழமாகக் கற்ற வாசிப்பு அடுத்த மொழிக்கும் கடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ் வாசிப்பு மலைப் பிள்ளையின் ஆங்கிலத்துக்கு முதலீடு. முதலீட்டைச் சேர்க்கும் முன்பே செலவழிக்கச் சொல்வதுதான் நடக்கிறது.

கடப்பது எல்லாம் நல்லதாகவே இருக்கும் என்பதில்லை. ‘என், ஏ, எம், ஈ’ என்ற நான்கெழுத்துச் சொல்லைத் தமிழ் நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். ‘நமே’ என்று வாசிக்கும். வகுப்பு சிரிக்கும். எனக்கு அந்த ‘நமே’ பிடிக்கும். எழுத்துக்கு ஒலி உண்டு, ஒலிகளைக் கோத்தால் சொல் வரும் என்ற தமிழின் விதியை அந்தப் பிள்ளை முழுதாக நம்பி ஆங்கிலத்திலும் போட்டுப் பார்த்திருக்கிறது. கடைசி ‘ஈ’ பேசாது, ஆனால் முன்னால் இருக்கும் உயிரை மாற்றும் என்ற ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த நாள் அதே மாதிரிச் சொற்கள் பத்தை அது தானாக வாசிக்கும். பென்சில் வரியைப் பார்த்து ‘நேம்’ என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு அந்தப் பத்தும் பத்துப் புதிய மனப்பாடம். பிழையாக வாசித்த பிள்ளையே முன்னால் நிற்கிறது. நம் மதிப்பெண் முறையில் அதற்குச் சுழி.

இந்தியப் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பை எப்படித் தொடங்குவது என்று இந்த மண்ணிலேயே யோசித்தவர் ஒருவர் உண்டு. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் திணறுவதைப் பார்த்து, அவர்களுடைய வாசிப்பு நூல்களை ஆராய்ந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் புதுச் சொற்கள் கொட்டிக் கிடந்தன. ஒருமுறை வந்த சொல் திரும்ப வரவேயில்லை. பல சொற்கள் வழக்கொழிந்தவை. அவர் புதுச் சொற்களைக் குறைத்தார், பரவலாக்கினார், வந்த சொல்லைத் திரும்பத் திரும்ப வரவைத்தார். 1926-இல் வங்காளத்தின் இருமொழி நிலை பற்றிய அவருடைய அறிக்கை வெளியானது. பேச்சைவிட வாசிப்பை முன்வைத்தது அவருடைய முறை. ஆங்கிலத்தில் பேச ஆளில்லாத ஊரில் ஆங்கிலத்தில் வாசிக்கப் புத்தகமாவது இருக்கும் என்பது அவர் எண்ணம். இன்றைய மலைக்கு அந்த வாதம் அப்படியே செல்லாது. எழுத்துக்கு முன் காதில் கொஞ்சம் ஆங்கிலம் விழ வேண்டும், பாட்டாக, ஏவலாக, விளையாட்டாக. சொற்களைப் பற்றி அவர் சொன்னது மட்டும் நூறாண்டாகியும் செல்லுபடியாகிறது.

பிற்கால ஆய்வில் இதற்கு ஓர் எண் கிடைத்தது. ஒரு பனுவலைத் துணையின்றிப் புரிந்து வாசிக்க, அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று 2000-இல் ஹு, நேஷன் இருவரும் கணித்தார்கள். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஆங்கிலப் பாடத்தில் ஐம்பது சொற்களை எண்ணி, தெரியாதவற்றை அடிக்கோடிடச் சொல்லிப் பாருங்கள். அடிக்கோடு பத்தைத் தாண்டினால் அங்கே வாசிப்பு நடக்க வாய்ப்பில்லை, ஒப்பித்தல்தான் நடக்கும். அந்த நிலையில் பென்சில் வரி எழுதுவது சோம்பேறித்தனமல்ல, பிள்ளையின் புத்திசாலித்தனம்.

தெரிந்த சொற்களால் ஆன, ஆசை காட்டும் புத்தகங்கள் ஏராளமாகக் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிஜித் தீவில் விடை கிடைத்தது. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் இருவரும் கிராமப்புறப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் படங்களோடு கூடிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 கொடுத்தார்கள். ஆசிரியர் சேர்ந்து வாசித்தார், அல்லது பிள்ளைகள் தாமே வாசித்தன. எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு வளர்ச்சி வழக்கமான வேகத்தைப்போல் இரண்டு மடங்காக இருந்தது என்று 1983-இல் எழுதினார்கள். கணினி இல்லை, திறன்பலகை இல்லை. புத்தகம் மட்டும்தான்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு கதைப் புத்தகங்களை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. தமிழில் இது நல்ல தொடக்கம். நிலைகளுக்கு வைத்த பெயர்களே அழகு. புத்தகம் மலையேறிய பிறகு எங்கே இருக்கிறது என்பதில்தான் என் கவலை. பல பள்ளிகளில் புத்தகம் பீரோவுக்குள் இருக்கும். ஆசிரியர்மேல் தவறில்லை, கிழிந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும். பிள்ளை கையில் கிழிந்த புத்தகத்துக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் பாதிப் பீரோக்கள் திறந்துவிடும்.

இடம்பெயர்வையும் சொல்லாமல் போக முடியாது. மலையில் விளையும் சாமையும் மரவள்ளியும் ஆண்டு முழுதும் சோறு போடுவதில்லை. குடகுக்கும் கேரளத்துக்கும் காப்பி, மிளகு எடுக்கக் குடும்பங்கள் போகின்றன. காப்பிப் பழம் எடுக்கும் மாதங்கள் பள்ளியாண்டின் நடுவே விழுகின்றன. மெய்யெழுத்து முடித்து உயிர்மெய் தொடங்கும் நேரத்தில் போன பிள்ளை, திரும்பி வரும்போது மெய்யையும் மறந்துவிட்டு வரும். உறைவிடப் பள்ளி இதற்குத் தீர்வாக அமைந்தது உண்மை. விடுதியில் சேர்ந்த பிள்ளைக்குப் பாட்டியின் கதை கிடைக்காது என்பதும் உண்மை. வாசிப்புக்கு அடியுரமான பேச்சு அங்கே வளர வேண்டுமானால், மாலை நேரத்தில் விடுதியில் யாராவது கதை சொல்ல வேண்டும். அது மலைப் பேச்சில் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த இடத்தில் இல்லம் தேடிக் கல்வி நினைவுக்கு வருகிறது. 2021 அக்டோபர் 27 அன்று, கள்ளக்குறிச்சியின் பழைய தாய் மாவட்டமான விழுப்புரத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அது தொடங்கியது. கொரோனாவில் விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டுவதுதான் நோக்கம். ஆனால் தன்னார்வலர்கள் அந்தந்த ஊரிலிருந்தே வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஊர்க்காரர் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் வாயில் வருவது அந்த ஊர்ப் பேச்சு. மலைக்கு வேண்டிய இருதமிழ் ஆசிரியர் என்ற ஒருவரை யாரும் திட்டமிடாமலே அது உருவாக்கிக் காட்டியது. அந்தப் பெண்களில் பள்ளியிறுதி முடித்தவர்களை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பி, மலைப் பள்ளிகளின் முதலிரண்டு வகுப்புகளில் அமர்த்துவதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தோன்றவில்லை.

சமவெளியிலிருந்து வரும் ஆசிரியருக்கு முதல் நாளில் கையில் கொடுக்க வேண்டியது ஒரு சிறு கையேடு: கல்வராயன் மலைப் பேச்சில் வழங்கும் ஐந்நூறு சொற்கள், வினைமுற்று முடியும் விதங்கள், அவற்றுக்கு ஈடான நூல் தமிழ். மலைப் பள்ளிகளின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே பாட்டிகளிடம் கேட்டு ஒரு பருவத்தில் தொகுத்துவிடக்கூடிய வேலை. கள்ளக்குறிச்சி மாவட்ட நிர்வாகமும் பழங்குடியினர் நலத் துறையும் இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது. மாநிலத்திலேயே எண்ணிக்கையில் பெரிய பழங்குடியான மலையாளிகளின் பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை.